35 வயது தற்காப்பு ஆட்டக்காரரை வாங்கலாமா?

ஆட்டக்காரர்கள் குழு மாறும் பருவம் வந்தால் போதும், என் காலை நிகழ்ச்சிக்குக் குரல் பதிவுகள் குவிந்துவிடும். அதில் ஒரு கேள்வி ஆண்டுதோறும் தவறாமல் வரும். "தங்கச்சி, 35 வயசு ஆளைப் போய் எடுக்கிறாங்களே, பைத்தியமா இவங்களுக்கு?"

2020 ஆகஸ்டில் தியாகோ சில்வாவைச் செல்சி எடுத்தபோதும் இதே கிண்டல்தான். அடுத்த மாதமே அவருக்கு 36. லீக்கில் அவரது முதல் ஆட்டம் வெஸ்ட் பிரோம்விச்சுக்கு எதிராக. பந்து அவர் காலடியில் நழுவியது, எதிரணிக்குக் கோல்! முதல் பாதியிலேயே 0-3. எப்படியோ 3-3 என்று செல்சி தப்பியது. மாமாக் கடை விமர்சகர்களைக் கேட்கவா வேண்டும்?

2021 ஜனவரியில் தோமஸ் துக்கேல் பயிற்றுநராக வந்தார். பிரான்சின் பி.எஸ்.ஜி. குழுவில் சில்வாவை ஏற்கெனவே வைத்து ஆடியவர் அவர். பின்வரிசையில் மூவர், நடுவில் சில்வா. வலப்பக்கம் அஸ்பிலிக்குவேத்தா, இடப்பக்கம் ரூடிகர். விரட்டி ஓடுவது அவர்கள் வேலை. பந்து எங்கே வரும் என்று முன்பே கணித்து அங்கே போய் நிற்பது இவர் வேலை. 2019-20 லீக்கில் 54 கோல் விட்ட குழு, அடுத்த பருவத்தில் விட்டது 36. புதிய கோல்காவலர் மெண்டிக்கும் அதில் பங்குண்டு, மறுக்கவில்லை. மே மாதம் சாம்பியன்ஸ் லீக் கிண்ணமும் வந்தது. ஆனால் அந்த இறுதியாட்டத்தில் சில்வா முதல் பாதி முடியும் முன்பே காயத்தோடு வெளியேறினார். வயதுக்குக் கொடுக்கும் வட்டி அது.

மறு ஆண்டு பி.எஸ்.ஜி., செர்ஜியோ ராமோசை எடுத்தது. அவருக்கும் 35 வயதுதான். ஜூலையில் வந்தவர் நவம்பர் கடைசியில்தான் முதல் ஆட்டம் ஆடினார். அவரது பழைய குழுவான ரியல் மாட்ரிட்டிடம் தோற்று பி.எஸ்.ஜி. சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேறியதே, அந்த இரண்டு ஆட்டங்களிலும் அவர் திடலில் இல்லை.

இருவருக்கும் ஒரே வயது. பிறகு எங்கே வித்தியாசம்? செல்சியில் சேர்வதற்குச் சில நாள் முன்புதான் சில்வா, பி.எஸ்.ஜி.க்காகச் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் ஆடியிருந்தார். ராமோசுக்கோ அந்த ஆண்டு பிப்ரவரியில் முழங்கால் அறுவை சிகிச்சை. ஸ்பெயின் அவரை ஐரோப்பியக் கிண்ணத்துக்கே அழைத்துப் போகவில்லை. சாட்சி கண்முன்னே இருந்தது.

அதனால் நான் பிறந்த தேதியைப் பார்ப்பதில்லை. கடந்த பருவத்தில் எத்தனை ஆட்டம் ஆடினார் என்று பார்ப்பேன். குழுவின் பின்வரிசை நடுக்கோடு வரை ஏறி நின்று ஆடுமா என்றும் பார்ப்பேன். அப்படி ஆடும் குழுவுக்கு இந்த வயதுக்காரர் வேண்டாம். இருபது வயதுப் பையன் பந்தோடு பறந்தால் திரும்பிப் பார்க்கத்தான் முடியும்.

ஒப்பந்தமும் முக்கியம். மாற்றுக் கட்டணம் இல்லை என்று இலவசம் போலப் பேசுகிறார்கள், சம்பளம் யார் கொடுப்பது? செல்சி முதலில் ஓராண்டுதான் கொடுத்தது, பிறகு ஒவ்வோர் ஆண்டாக நீட்டித்து 2024 வரை வைத்துக்கொண்டது. ராமோசுக்கு எடுத்த எடுப்பிலேயே ஈராண்டு.

உங்கள் குழு யாருக்காவது அப்படி நீட்டிக் கொடுத்தால், குரல் பதிவு அனுப்புங்கள் அண்ணே. சேர்ந்தே புலம்பலாம்.