பாஸ்வேர்டு சரிதான், ஆனா உள்ளே விடலை!

போன சுவரிதழில் நான் எழுதியது 'வாழை மரத்தின் பயன்கள்'. இந்த முறை நம்ம கம்ப்யூட்டர் ரூமில் ஜன்னல் ஓரமா இருக்கிற அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுகிறேன். இது பாதி அறிவியல் கட்டுரை, பாதி மன்னிப்புக் கடிதம். யாரிடம் மன்னிப்பு என்பது நடுவில் வரும். பாதியிலேயே படிக்கிறதை விட்டுட்டுப் போயிடாதீங்க.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். பின்லாந்து நாட்டில், ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991-இல் இதை எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று கொடுத்துவிட்டார். இதன் சின்னம் ஒரு குண்டு பென்குவின். லினக்ஸில் பல வகை உண்டு. நம்மிடம் இருப்பது 1993-இல் ஆரம்பித்த டெபியன் வகை. பொது அறிவுக்கு இது போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று காலையில் கம்ப்யூட்டர் உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டு அடித்தால் திரை ஒரு நொடி கறுப்பாகும், மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கும். பத்து தடவை அடித்தாலும் அதே கதை. மதியத்துக்குள் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய பெயர்ப் பட்டியல் அதற்குள்ளே மாட்டிக்கிச்சு. ஹெச்.எம். சார் இரண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போனார்.

விடுமுறைக்கு முந்தின நாள் கடைசியாக அதில் உட்கார்ந்தவன் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன். உடனே எல்லோரும் "இவன்தான் பாஸ்வேர்டை மாத்திட்டான்" என்று சொல்லிட்டாங்க. அவன் இல்லை இல்லை என்று அழுதான். நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியாச்சு. அவங்க அம்மா களை எடுக்கும் வேலைக்குப் போறவங்க. பள்ளிக்கு வந்தால் அன்றைய கூலி கிடையாது. இதை அவன் என்னிடம்தான் சொன்னான், ஏனென்றால் எங்கள் வீடும் அவன் வீடும் ஒரே தெரு.

பாலிடெக்னிக் படிக்கும் எங்க சித்தப்பா பையன், அந்த அண்ணன், லீவில் எனக்கு லினக்ஸ் கொஞ்சம் சொல்லிக் கொடுத்திருந்தான். அவன் எப்பவும் சொல்கிற ஒரு விஷயம்: "கம்ப்யூட்டர் என்ன சொல்லுதுன்னு பாரு, என்ன சொல்லாம விடுதுன்னும் பாரு." அதனால் சாரிடம் கேட்டு ஒரு சோதனை செய்தேன். முதலில் வேண்டும் என்றே தப்பான பாஸ்வேர்டு அடித்தேன். கீழே 'தவறு' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அடுத்து சரியான பாஸ்வேர்டு அடித்தேன். அந்த வரி வரவே இல்லை! திரை மட்டும் கறுப்பாகித் திரும்பி வந்தது. அப்படியென்றால் பாஸ்வேர்டை அது ஏற்றுக்கொள்கிறது. வாசலில் விட்டுவிட்டு, கூடத்துக்குள் போனதும் திருப்பி அனுப்புகிறது. இரண்டும் வேற வேற கோளாறு, இல்லையா?

அடுத்து, கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு எஃப்3 தட்டினேன். படம், கலர் எதுவும் இல்லாத கறுப்புத் திரை வரும், பயப்படாதீங்க. லினக்ஸுக்கு முன்வாசல் மாதிரி கொல்லைப்புற வாசலும் உண்டு, அதுதான் இது. பெயர் கேட்கும், பிறகு பாஸ்வேர்டு கேட்கும். இங்கே பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, நட்சத்திரம்கூட வராது. கீபோர்டு வேலை செய்யலை என்று நினைத்து நிறைய பேர் இங்கேதான் விட்டுவிடுவார்கள். பார்க்காமலே அடித்து என்டர் தட்ட வேண்டும். தட்டினேன், உள்ளே விட்டது! அதே பழைய பாஸ்வேர்டுதான். தம்பி எதையும் மாற்றவில்லை என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

பிறகு, இடம் எவ்வளவு மிச்சம் என்று கேட்கும் கட்டளையைக் கொடுத்தேன். டி, எஃப் என்று இரண்டு சின்ன ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, ஒரு சின்னக் கோடு, எச். ஒரு அட்டவணை வந்தது. மொத்தம் 29 ஜிபி, செலவானது 28 ஜிபி, மிச்சம் 0, சதவீதம் 100.

நான் கணக்கில் சுமார்தான். ஆனாலும் 29-இல் 28 போனால் 1 தானே மிச்சம்? மிச்சம் 0 என்று போட்டிருக்கிறதே? அன்று சாயந்திரம் அண்ணனிடம் போனில் கேட்டேன். லினக்ஸ் டிஸ்கில் வழக்கமாக நூற்றுக்கு 5 பங்கை 'ரூட்' என்ற நிர்வாகிக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்குமாம். அரிசி தீர்ந்துபோனாலும் விதைநெல்லில் கை வைக்காத மாதிரி. 29-க்கு 5 சதவீதம் 1.45. அந்தக் கணக்கு சரியாக வந்தது.

சரி, இடம் தீர்ந்தால் ஏன் உள்ளே விடாது? நாம் உள்ளே போகும்போது கம்ப்யூட்டர் நம் பெயரில் சின்னச் சின்னக் கோப்புகளை எழுதும். யார் வந்திருக்கிறார், எந்தத் திரை அவருக்கு என்பது மாதிரி. ஒரு வரி எழுதக்கூட இடம் இல்லையென்றால் அந்த வேலை பாதியில் நின்றுவிடும். நின்றதும் மறுபடியும் முதல் திரைக்கே வந்துவிடும். கறுப்புத் திரையில் இவ்வளவு எழுதத் தேவையில்லை, அதனால் அங்கே மட்டும் விட்டது.

இனிதான் எனக்கு வேர்த்தது. இடத்தை எது அடைத்திருக்கிறது என்று தேடினேன். டி, யூ என்று ஒரு கட்டளை ஒவ்வொரு ஃபோல்டரும் எவ்வளவு கனம் என்று சொல்லும். கண்ணுக்குத் தெரிகிற ஃபோல்டரை எல்லாம் கூட்டினால் கணக்கு உதைத்தது, 10 ஜிபிக்கு மேல் காணோம். லினக்ஸில் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் அந்தக் கோப்பு மறைந்துகொள்ளும். எல், எஸ் என்ற கட்டளையோடு கோடும் ஏ-வும் சேர்த்தால் மறைந்தவை எல்லாம் வெளியே வரும். அப்படிப் பார்த்ததில், புள்ளி வைத்த 'லோக்கல்' ஃபோல்டர், அதற்குள் 'ஷேர்', அதற்குள் 'டிராஷ்', அதாவது குப்பைத்தொட்டி. அதற்குள் இரண்டு வீடியோ. இரண்டும் என் கரகாட்டம்!

ஆமாம், ஆண்டு விழாவில் கரகம் கீழே விழுந்ததே, அந்த வீடியோதான். 35 நிமிஷம், கிட்டத்தட்ட 5 ஜிபி. விழுகிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம் என்று விடுமுறைக்கு முன்னால் சாரிடம் சொல்லாமல் மெமரி கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றினேன். தப்பான ஃபோல்டரில் போய்விட்டது, அழித்தேன். மறுபடியும் ஏற்றினேன், பாதியில் கெட்டுப்போன மாதிரி இருந்தது, அழித்தேன். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. டெலிட் தட்டினால் கோப்பு அழிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அது குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். தொட்டியைக் காலி செய்கிற வரைக்கும் ஒரு சொட்டு இடம்கூடத் திரும்பி வராது.

சாரைக் கூப்பிட்டேன். காரணம், அடுத்து அடிக்கப்போகும் ஆர், எம் என்ற கட்டளை ரொம்ப ஆபத்தானது. அதில் அழித்தால் தொட்டிக்குக்கூடப் போகாது, போனது போனதுதான். ஒரு இடைவெளி தப்பாக விழுந்தால் பெயர்ப் பட்டியலும் சேர்ந்தே போயிருக்கும். நான் அடித்த வரியைச் சார் ஒவ்வொரு எழுத்தாகப் படித்த பிறகுதான் என்டர் தட்டினேன். 10 ஜிபி திரும்பி வந்தது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்7 தட்டிப் பழைய திரைக்கு வந்தோம் (சில கம்ப்யூட்டரில் இது எஃப்1). பாஸ்வேர்டு அடித்ததும் பச்சைப் பசேல் என்று வயல் படம் வந்தது. பட்டியல் மதியத்துக்குள் போய்விட்டது.

"குப்பைத்தொட்டி நிறைஞ்சு போச்சு சார்" என்று மட்டும்தான் அன்றைக்குச் சொன்னேன். யாருடைய குப்பை என்று சொல்லவில்லை. சார் என்னைப் பாராட்டினார், எல்லோரும் கை தட்டினாங்க. தம்பியின் அம்மா வர வேண்டாம் என்று சொல்லிட்டாங்க, அது ஒன்றுதான் நல்லது. ஆனால் அவனை இன்னும் சில பேர் 'பாஸ்வேர்டு திருடன்' என்று கூப்பிடுறாங்க. தெருவில் போகும்போதும் அவன் காதில் விழுகிறது. வியாழக்கிழமை சாரிடம் உண்மையைச் சொன்னேன். சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "சுவரிதழில் எழுதிப் போடு" என்றார். எழுதிவிட்டேன். தம்பி, என்னை மன்னிச்சுடு. மற்றவங்க இனிமே அந்தப் பெயரைச் சொல்லாதீங்க, சொல்லணும் என்றால் என்னைச் சொல்லுங்க.

இதில் வேடிக்கை என்னவென்றால் அடுத்த கோளாறைக் கண்டுபிடித்தது அந்தத் தம்பிதான். ஒருநாள் எந்த வலைத்தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பு இல்லை' என்று வந்தது. நெட் போச்சு, போச்சு என்று எல்லோரும் சொன்னோம். அவன் மட்டும் மூலையில் இருந்த கடிகாரத்தைக் காட்டி, "அக்கா, இது 2010-ன்னு காட்டுது" என்றான். வலைத்தளங்கள் ஒவ்வொன்றிடமும் ஒரு சான்றிதழ் இருக்கும். நம்ம பஸ் பாஸ் மாதிரி, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். கம்ப்யூட்டர் 2010-இல் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் அந்தப் பாஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை! அதனால்தான் நம்ப மறுத்தது. தேதியைச் சரிசெய்ததும் எல்லாம் திறந்தது.

ஆனால் அடுத்த நாள் மறுபடியும் 2010. கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவதற்கு உள்ளே வட்டமா ஒரு பேட்டரி இருக்கிறது, சி.ஆர். 2032 என்று பெயர். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், அந்த எண்ணிலேயே அளவு இருக்கு பாருங்க. 3 வோல்ட். அது தீர்ந்துபோயிருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சார் புதுசு மாற்றினார்.

தமிழ் ஐயாவின் பிரச்சினை வேறு. அவர் பல வருஷமாகச் சேர்த்த வினாத்தாள்களை சிடியில் கொண்டு வந்தார். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து குப்பையாக வந்தது. கோப்பு கெட்டுப் போச்சு என்று ஐயா முகம் வாடிப்போனார். கெட்டுப் போகலை! அவை பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. அதில் 'அம்மா' என்று அடித்தால் கோப்பில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டும், அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வேஷம் கலைந்துவிடும். ஐயா சிடியிலேயே எழுத்துருக் கோப்பும் இருந்தது. வீட்டு ஃபோல்டரில் புள்ளி வைத்து 'ஃபாண்ட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, அதில் போட்டுவிட்டுத் திறந்தோம், தமிழ் வந்தது. யூனிகோடில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அதில் தமிழுக்கென்றே சொந்த எண்கள் உண்டு. 'அ' 2949, 'ம' 2990. தமிழக அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இப்போது ஐயா தமிழ்99 முறையில் அடிக்கப் பழகுகிறார். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு போதும், புள்ளி அதுவாகவே விழும். ஐயாவுக்கு அதில் ஒரே சந்தோஷம்.

சத்தம் வரவில்லை என்று வருகிறவர்களுக்கு: பெரும்பாலும் அது ஊமையாக்கப்பட்டிருக்கும். ஆல்சாமிக்சர் என்று அடித்துப் பாருங்க, தூணுக்குக் கீழே இரண்டு எம் இருந்தால் எம் தட்டணும். கோப்பைக் காணோம் என்கிறவர்கள் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்க, லினக்ஸுக்கு இரண்டும் வேற வேற பெயர். பென்டிரைவைச் சொல்லாமல் பிடுங்குகிறவர்களைப் பற்றி நான் எழுத மாட்டேன், கோபம் வரும்.

இப்போது கம்ப்யூட்டர் பக்கத்தில் நூல் கட்டி ஒரு 40 பக்க நோட்டு தொங்குகிறது. என்ன கோளாறு, திரையில் என்ன வந்தது, கடைசியாக என்ன செய்தீங்க என்று அதில் எழுதணும். பொறுப்பாளர்கள் நானும் அந்தத் தம்பியும். முதல் பக்கத்தில் என் கரகாட்டம் இருக்கிறது. பேனாவை மட்டும் எடுத்துட்டுப் போயிடாதீங்க, இதுவரை இரண்டு போச்சு.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி