கோள்கள் முழு உருண்டையல்ல

கோள்கள் யாவும் உருண்டை வடிவின என்று நாம் இளமையிலேயே கற்கின்றோம். அது பெரும்பாலும் உண்மையே; எனினும் முழு உண்மையன்று. நம் பூமியின் குறுக்களவு பூமத்திய ரேகையில் 12,756 கிலோமீட்டர். துருவங்களுக்கிடையே 12,714 கிலோமீட்டர். இவ்வேற்றுமை எதனால் உண்டாயிற்று? அதனை அறிந்தோர் எங்ஙனம் அறிந்தனர்?

பெரிய கோளின் ஒவ்வொரு பகுதியையும் ஆகர்ஷண சக்தி நடுமையத்தை நோக்கி இழுக்கின்றது. ஆதலின் உயர்ந்தவை சரிந்து, பள்ளங்கள் தூர்ந்து, கோள் உருண்டையாகின்றது. செவ்வாயின் சிறு சந்திரனாகிய போபோஸ் அத்துணை ஆகர்ஷணம் இன்மையால் ஒழுங்கற்ற வடிவுடனேயே நிற்கின்றது.

ஆயின் கோள்கள் அசையாது நிற்பனவல்ல, தம்மைத்தாமே சுற்றுவன. மண்வேலைக்குப் பேர்பெற்ற வில்லியனூரில், குயவர் சக்கரத்திலிட்ட நெகிழ்ந்த மண், கை அணைக்காவிடின் வெளிப்புறமாக விரியும். கோளின் இடையும் அவ்வாறே புடைக்கின்றது. சுமார் பத்தரை மணி நேரத்தில் ஒருமுறை சுழலும் சனியின் இடைக்குறுக்களவு, துருவக் குறுக்களவினும் ஏறக்குறைய 11,800 கிலோமீட்டர் மிகுதி. ஒருமுறை சுழல 243 நாள் கொள்ளும் வெள்ளியோ, ஏறக்குறைய முழு உருண்டையே.

பூமி இடையில் புடைத்ததென்று நியூட்டன் 1687-இல் கணித்துரைத்தார். பாரிஸ் நகரத்துக் காசினி முதலியோர், அது துருவங்களை நோக்கி நீண்டதென்று மறுத்தனர். இவ்வழக்கைத் தீர்க்க ஒரு வழி இருந்தது. விண்மீனின் உயரம் ஒரு பாகை மாறும்வரை நேர்வடக்கே சென்று, அத்தூரத்தை அளத்தல் வேண்டும். புடைத்த இடத்தில் நிலத்தின் வளைவு மிகுதியாதலின் ஒரு பாகை குறுகும்; தட்டையான இடத்தில் அது நீளும். பிரெஞ்சு அறிஞர் 1735-இல் பெரு நாட்டிற்கும், 1736-இல் லாப்லாந்திற்கும் புறப்பட்டு, அங்கங்கே அளந்தனர். நியூட்டன் கூற்றே நின்றது.

எனினும் புடைப்பின் சரியான அளவை அறிய, வேறு பல நாடுகளிலும் அளத்தல் வேண்டியதாயிற்று. 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து பணி தொடங்கிய லாம்ப்டன், கடலூரை அடுத்த திருவந்திபுரத்தினின்று வடக்கே ஒன்றரைப் பாகைக்குச் சற்று மிகுந்த தூரத்தை முக்கோணங்களால் அளந்தார். பாகூரும் வில்லியனூரும் அந்நிலத்தை ஒட்டிய ஊர்களே. இப்பகுதியில் ஒரு பாகை சுமார் 110.6 கிலோமீட்டர், துருவத்தருகே 111.7 கிலோமீட்டர்.

பாகூர் வயல்வெளியில் நின்று நோக்குவார்க்கு நிலம் பலகைபோல் தட்டையாகவே தோன்றும். கண்ணுக்குப் புலனாகாத வளைவைச் சங்கிலியும் கோணமானியும் காட்டின. பேரறிஞர் இருதிறத்தாராய் நின்று வாதிட்டவிடத்தும், பொறுமையுடன் செய்த அளவையே முடிவுரைத்தது என்பதை மாணவராகிய நாம் மறவாதிருப்போமாக.