குழந்தை இடுப்பில் தாத்தா கை! பிறந்தநாள் பத்திரிகை அடிக்கப் போன இடத்தில் சிக்கல்

சென்னை பாரிமுனைப் பக்கம் ஆண்டர்சன் தெரு என்றால் பத்திரிகை அடித்தவர்களுக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகைக்குப் பேர்போன தெரு. இப்போது குழந்தைகளின் பிறந்தநாள் பத்திரிகைக்கும் ஆள் வருகிறது.

ஒரு மாலை, செல்போனும் கையுமாக ஓர் இளம்தாய் அங்கே ஒரு கடைக்கு வந்தார். கூடவே மாமியார்.

"தம்பி, இந்தப் படத்துல தாத்தாவை எடுத்துட்டு, குழந்தையை மட்டும் போட்டுக் குடுங்க."

டிசைன் போடும் வாலிபர் பார்த்தார். பொங்கலன்று எடுத்த படம். தாத்தா மடியில் பேத்தி. தாத்தாவின் வலது கை குழந்தையின் இடுப்பைச் சுற்றிக் கிடக்கிறது.

"நல்லாத்தானேக்கா இருக்கு?"

"அவர் தவறி மூணு மாசம் ஆச்சு தம்பி. நல்ல காரியத்துக்கு வேணாம்னு பெரியத்தை சொல்லிட்டாங்க."

இதே ஊரில் 'தெய்வத்திரு' என்று போட்டு இறந்தவர் பெயரை எத்தனையோ பத்திரிகைகளில் அடிக்கிறார்கள். பெயருக்கு இல்லாத தோஷம் முகத்துக்கு மட்டும் வந்துவிடுமா? போகட்டும்.

சுருங்கிய படம்

முதல் தகராறு வேறு. படம் வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். செல்போனில் பளிச்சென்று தெரியும், அச்சில் கட்டம் கட்டமாக உடையும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 5க்கு 7 அங்குல அட்டை என்றால் 1,500க்கு 2,100 புள்ளி.

"ஒரிஜினல் யார்கிட்ட இருக்கு?"

மாமியார் பேசாமல் பையைத் திறந்தார். எடுத்தது கணவரின் செல்போன். இன்னமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார்!

அந்தரத்தில் குழந்தை

அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்காரர் நெகட்டிவ் மேலேயே பென்சில் பிடித்து 'டச்சிங்' செய்வார். 1990இல் போட்டோஷாப் வந்தது. 2023 முதல், அழித்த இடத்தைக் கம்ப்யூட்டரே வரைந்து நிரப்பும் வசதியும் அதில் வந்துவிட்டது.

தாத்தாவை அழிப்பது நிமிஷ வேலை. ஆனால் கைக்குப் பின்னால் இருந்த கவுன் படத்திலேயே கிடையாதே! கம்ப்யூட்டர் புதுக் கவுன் வரைந்தது. மடிக்குப் பதில் நாற்காலி போட்டது. எல்லாம் சரிதான். குழந்தை மட்டும் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. தாத்தா மேல் சாய்ந்திருந்த பிள்ளை அல்லவா?

அதுவரை வாய் திறக்காத மாமியார் எழுந்து வந்தார்.

"கையை அழிக்காதப்பா. புள்ள விழுது பாரு."

"அத்தை, பெரியத்தை கோவிச்சுப்பாங்க..."

"அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

"அப்ப முகத்துக்குக் கீழே வெட்டிடட்டுமாம்மா?"

"கழுத்துல வெட்டாதே!" குரல் உடைந்தது.

வாலிபர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அழித்ததை எல்லாம் திரும்பக் கொண்டு வந்தார். மடியையும் கையையும் அப்படியே விட்டு, தாத்தாவின் வெள்ளைச் சட்டையை மேலே போகப் போக அட்டையின் வெள்ளையோடு கரைத்தார். வெட்டு எங்கும் தெரியவில்லை. முக்கால் மணி நேரம் பிடித்தது. அதற்குத் தனிக் காசு கேட்கவில்லை.

மாதிரி அட்டை வந்தது. திரையில் பார்த்ததைவிடச் சிவப்பு கொஞ்சம் மங்கல். அச்சு மையில் அப்படித்தான் வரும். மருமகள் தேதியையும் மண்டப முகவரியையும் எழுத்துக் கூட்டிச் சரிபார்த்தார். மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அட்டையைக் கிட்டே கொண்டுபோனார்.

"மோதிரம் தெரியுதா தம்பி?"

"தெரியுதும்மா."

"இருநூறு அடிச்சிடு."