கறுப்புக் கவுனியும் எலுமிச்சைச் சாறும்

ஒரு பிடி கறுப்புக் கவுனி அரிசியை அரை டம்ளர் நீரில் ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். நீர் நாவற்பழச் சாறு போல் ஆகிவிடும். அதை இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எங்கள் பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சையைப் பிழியுங்கள். மற்றதில் சிறிது சலவைச் சோடாக் கரைசலை விடுங்கள். முதலாவது பளிச்செனச் சிவக்கும். இரண்டாவது நீலம், பச்சை என்று மாறும். லிட்மஸ் தாளின் வேலையை அரிசி செய்துவிடுகிறது! (சோதித்த நீரைக் குடித்துவிட வேண்டாம்.)

இந்த வேலையைச் செய்வது அந்தோசயனின் என்னும் நிறமி. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் போன்ற சிவப்பரிசிகளில் இருப்பது வேறு நிறமி; அது புரோஅந்தோசயனிடின். அதனால் அவற்றில் இப்படிப்பட்ட நிறமாற்றத்தைக் காண முடியாது.

இரண்டு நிறமிகளும் அரிசியின் மேலுள்ள மெல்லிய தவிட்டுத் தோலில்தான் தங்கியிருக்கின்றன. ஆலையில் நன்றாகத் தீட்டினால் நிறம் தவிட்டோடு போய்விடும்; உள்ளே வெள்ளைதான்.

இந்தத் தோல் தாய்ச் செடியின் திசு. எனவே வெள்ளை நெல்லின் பூவில் சிவப்பு நெல்லின் மகரந்தத்தைச் சேர்த்தாலும், அந்தப் போகத்து அரிசி வெள்ளையாகவே இருக்கும். அதை விதைத்து வரும் செடியில் எல்லா மணிகளும் சிவப்பு. அந்த மணிகளை மறுபடி விதைத்தால்தான், ஏறக்குறைய நான்கில் மூன்று செடிகள் சிவப்பாகவும் ஒன்று வெள்ளையாகவும் காய்க்கும். மெண்டல் பட்டாணியில் கண்ட அதே கணக்கு, ஒரு போகம் தாமதமாக!

காட்டு நெல்லின் அரிசி சிவப்பு. ஏழாவது குரோமோசோமில் உள்ள ஒரு ஜீனில் 14 எழுத்துகள் விடுபட்டுப் போனதே பெரும்பாலான வெள்ளை அரிசிக்குக் காரணம் என்று 2006-இல் கண்டறிந்தனர். அதே ஜீன் விதையின் உறக்கத்தையும் நீட்டிக்கிறது. அறுவடை நேரத்து மழையில் கதிரிலேயே நெல் முளைக்காமல் இருக்க அது உதவும். கறுப்புக்குத் தலைமை தாங்கும் ஜீன் நான்காவது குரோமோசோமில் இருக்கிறது.

"அப்படியானால் கவுனியின் கறுப்பை அதிகம் விளையும் ரகத்தில் சேர்த்துவிட்டால் போதுமே, சார்?" என்று என் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் நிறம் கண்ணுக்குத் தெரியும், விளைச்சல் அப்படியல்ல. அதைப் பல ஜீன்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. தண்ணீர், உரம், வெயில் எல்லாம் அதில் தலையிடுகின்றன. வாய்க்கால் ஓரத்துச் செடி செழித்தால் அது ஜீனின் திறமையா, வாய்க்காலின் தயவா?

பௌதிக ஆய்வுக்கூடத்தில் ஊசலின் அலைவு நேரத்தைப் பலமுறை அளக்கிறோம் அல்லவா? பயிர் ஆராய்ச்சியாளரும் அதையே செய்கிறார். ஒரே ரகத்தைப் பல பாத்திகளில், சீட்டுக் குலுக்கியது போல் இடம் மாற்றி நடுகிறார். ஒரே ரகத்தின் பாத்திகளுக்குள் தெரியும் வேறுபாடு நிலம் தந்தது. அதற்கும் மேலாக ரகத்துக்கு ரகம் தெரியும் வேறுபாடு ஜீன்கள் தந்தது. இந்த இரண்டாவது பங்கு பெரிதாக இருந்தால்தான் நல்ல செடிகளைப் பொறுக்கி எடுப்பதில் பலன் உண்டு.

சத்துக்கும் இதே சோதனை தேவை. அந்தோசயனின் உண்டா இல்லையா என்பதை ஜீன் முடிவு செய்கிறது. ஆனால் கதிர் பால் பிடிக்கும் நாளில் வெயில் கடுமையானால் அதன் அளவு குறையும். இரும்புச்சத்தோ மண்ணையும் பொறுத்தது. உடல் அதை உறிஞ்சவிடாமல் தவிட்டிலுள்ள ஃபைட்டிக் அமிலம் ஓரளவு தடுக்கவும் செய்கிறது. கறுப்பு நிறத்தை இரும்புச்சத்துக்கான நற்சான்றாகக் கொள்வது தவறு என்பேன்.

பழைய கவுனி உயரமானது. உரம் மிகுந்தால் சாய்ந்துவிடும். விளைச்சலும் குறைவு. குட்டை ரகமான ஐ.ஆர். 8, 1966-இல் வந்தபின் இத்தகைய நெற்கள் பின்தங்கின. ஆனால் அந்த ஐ.ஆர். 8-ஐயே பெற்றோரில் ஒன்றாகக் கொண்டு, டி.கே.எம். 9 என்னும் சிவப்பரிசி ரகம் 1978-இல் வெளிவந்தது. கறுப்புக்கு இன்னும் வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. கோயமுத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2023-இல் வெளியிட்ட கோ 57 என்னும் கறுப்பரிசி எக்டேருக்குச் சராசரியாக 4,600 கிலோ தருகிறது. பழைய கவுனியைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. வயது 130 முதல் 135 நாள்.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் இந்த நாள் கணக்குதான் இடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருக்கும் எங்கள் குளங்களில் அத்தனை நாளும் தண்ணீர் நிற்பது எல்லா ஆண்டும் நடப்பதில்லை. பூங்கார் போன்ற குறுகிய நாள் நெல்லோடு கறுப்பைக் கலந்து பார்க்கலாம். ஆனால் கலப்பு நிலைபெற ஆறேழு தலைமுறையாவது வேண்டும். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு போகம்.