ஹார்திக் பாண்டியா நம்ம பாண்டிய வம்சமா?

கோச்சடை பஸ் ஸ்டாப்பில் நின்று "ஏய் பாண்டி!" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். முத்துப்பாண்டி, பால்பாண்டி, ராஜபாண்டி, ஜெயபாண்டியன் என்று மதுரைப் பக்கம் இந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை. கோச்சடை என்ற ஊர்ப்பெயரையே பாண்டிய மன்னன் கோச்சடையனோடு சேர்த்துச் சொல்வார்கள்.

இப்போ டிவியைப் போடுங்கள். சூரத்தில் பிறந்த ஹார்திக் பாண்டியா பந்து வீசுகிறார். "இவரு நம்ம ஆளா இருப்பாரோ?" என்ற சந்தேகம் ஒருமுறையாவது வந்திருக்கும்.

பதில்: இல்லை. ஆனா கதை அதோடு முடியவில்லை.

குஜராத்தில் பாண்டியா என்பது பிராமணக் குடும்பப் பெயர். 'பண்டித' என்ற சொல்லோடு தொடர்புடையது. உத்தரப் பிரதேசத்தின் பாண்டே, ஒடிசாவின் பண்டா எல்லாம் இதே வகையறாதான். படித்தவர், புரோகிதர் என்று தொழிலைச் சொன்ன வார்த்தை, காலப்போக்கில் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது.

நம்ம பாண்டியன் அரச மரபின் பெயர். அதற்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்று எங்கே இருக்கிறது தெரியுமா? அதே குஜராத்தில்! ஜுனாகத் அருகே கிர்நார் பாறையில் உள்ள அசோகரின் கல்வெட்டு, தன் எல்லைக்கு அப்பால் இருந்தவர்களாகச் சோழர்களையும் பாண்டியர்களையும் குறிப்பிடுகிறது. கி.மு. 3-ம் நூற்றாண்டு. பெயரின் பொருள் என்ன என்பதில் மட்டும் இன்றுவரை ஒற்றுமை இல்லை. பழமையைக் குறிக்கும் 'பண்டு' என்பார்கள் தமிழ் ஆர்வலர்கள். வடமொழி இலக்கண ஆசிரியர் காத்யாயனரோ 'பாண்டு'விலிருந்து வந்தது என்றார்.

இந்த ஒலி ஒற்றுமையை அழகாகப் பயன்படுத்திக்கொண்டது டிவிதான். விஜய் டிவியின் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' 2021-ல் இந்திக்குப் போனபோது 'பாண்டியா ஸ்டோர்' ஆனது. கதை நடக்கும் ஊரும் குஜராத்தின் சோம்நாத்துக்கு மாறியது. கடை போர்டில் ரெண்டு எழுத்தை மாத்தினா வேலை முடிஞ்சது!

உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பாண்டியாவின் அப்பா பாண்டியா, மகனும் பாண்டியா. இங்கே அப்படியா? முத்தையா மகன் ஜெயபாண்டியன். ஜெயபாண்டியன் மகளுக்கு 'ஜெ' மட்டும் இனிஷியலாக மிஞ்சும். பேரன் காலத்தில் அதுவும் இருக்காது. அரசர்களே அப்படித்தான் இருந்தார்கள். கோச்சடையனின் அப்பா அரிகேசரி மாறவர்மன், மகன் மாறவர்மன் ராஜசிம்மன். சடையன், மாறன் என்ற பட்டங்கள் மாறி மாறி வந்தன.

இன்னொன்று, பாண்டி என்ற பெயரை வைத்து மதுரையில் யாருடைய சாதியையும் கண்டுபிடிக்க முடியாது. பாண்டி கோயிலில் வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வைப்பார்கள். பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை விடச் சொல்லி 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அந்த மாநாட்டின் தலைவர் யார்? பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சென்னை தி.நகரின் பாண்டி பஜார் இவர் பெயரில்தான் இருக்கிறது. புதுச்சேரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆக, தமிழர்கள் பெரும்பாலும் 'சர்நேம்' இல்லாமலே நிம்மதியாக இருந்தார்கள், பாஸ்போர்ட் வரும்வரை.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு விசிட் விசா கிடையாது என்றது. பிறகு, இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது. அமெரிக்க விசாவில் இன்னும் வேடிக்கை. ஒற்றைப் பெயரை சர்நேம் கட்டத்தில் போட்டுவிட்டு, முதல் பெயருக்கு 'எஃப்.என்.யு.' என்று அச்சடிப்பார்கள். 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அர்த்தம். பெத்தவங்க ஜாதகம் பார்த்து வெச்ச பேரு!

இந்தத் தொல்லைக்குப் பயந்துதான் பலர் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போடுகிறார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது குடும்பப் பெயராகத் தெரியும். நடிகைகள் கீர்த்தி பாண்டியன், ரம்யா பாண்டியன் இருவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். சர்நேம் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் கீர்த்தியின் பெயரில் இருப்பது அப்பா அருண்பாண்டியன். ரம்யாவின் பெயரில் இருப்பது அவருடைய அப்பா, இயக்குநர் துரைபாண்டியன்.

வெளிநாட்டில் பிறக்கும் அடுத்த தலைமுறையும் அதே 'பாண்டியன்' என்று பதிவு செய்தால், ரெண்டாயிரம் வருஷமாக இல்லாத ஒரு சர்நேம் தானாக உருவாகிவிடும். பாதிப் பேருக்கு இது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கலாம் என்பது என் கணிப்பு.

அதனால் விண்ணப்பிக்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். இனிஷியலை எப்படி விரிப்பது, எது முன்னால், எது பின்னால்? பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், பான், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். டல்லாஸில் வேலைக்குச் சேரும் ஜெயபாண்டியன் மகளை ஆபீஸில் "மிஸ் ஜெயபாண்டியன்" என்பார்கள். அவர் அப்பாவைத் தேடித் திரும்பிப் பார்க்காமல் இருக்கக் கொஞ்ச நாள் ஆகும்.