மரத்துப்போன கைக்கு மின்சாரம்: வாங்கும் முன் தெரிய வேண்டியவை

பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்குக் கை அசையும், ஆனால் உணர்ச்சி இருக்காது. சட்டைப் பொத்தான் விரலுக்குள் வந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்வார்கள். பழுது கையில் இல்லை, மூளையில். தோலில் ஒட்டிய பட்டை வழியே மெல்லிய மின்துடிப்பு செலுத்தினால் அது நரம்பேறி மூளையின் உணர்வுப் பகுதியைத் தட்டி எழுப்புகிறது. எழுந்த மூளைக்குத் தொடுகையைத் திரும்பக் கற்பிப்பது பயிற்சிதான், கருவியல்ல. பக்கவாதத்தால் கையுணர்வு இழந்தவர்களுக்கான சிகிச்சைகளை 2010-இல் அலசிய, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, 13 ஆய்வுகளில் 467 பேரைப் பார்த்துவிட்டு, எந்த முறைக்கும் போதிய ஆதாரம் இல்லை என்றது. அதற்காக மின்தூண்டலை ஒதுக்கிவிடவும் முடியாது. தூண்டலோடு பயிற்சியும் செய்தவர்களின் கைத்திறன் கூடியதைச் சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆஸ்திரேலியாவில் லீயன் கேரி குழு 50 பேரிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட சோதனையில் மின்சாரமே இல்லை. கண்ணை மறைத்துக்கொண்டு பரப்பின் சொரசொரப்பையும் பொருளின் வடிவத்தையும் தடவி அறிவது, பிறகு கண்ணால் சரிபார்ப்பது, நல்ல கையோடு ஒப்பிடுவது என்ற பயிற்சியே பலன் தந்தது. ஆகவே மலேசியாவில் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு குடும்பம் சேமிப்பைச் செலவிட வேண்டியது பயிற்சிக்கு. கருவி அதற்குத் துணை மட்டுமே.

'லேசான கரண்ட்தானே, என்ன கெடுதல் வந்துவிடும்' என்பார்கள். மரத்த கைக்குத்தான் ஆபத்து அதிகம். மின்னளவை ஏற்றும்போது 'சுரீரென்கிறதா' என்று கேட்டே அளவைப் பிடிக்கிறார்கள். உணர்ச்சியற்ற கையால் பதில் சொல்ல முடியாது, பட்டையடியில் தோல் வெந்தாலும் தெரியாது. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களும் வலிப்பு வருபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

அரசு மருத்துவமனையில் தேதி கிடைக்கத் தாமதமாகிறது என்ற குறை நியாயமானது. அதற்குக் கடைக் கருவி விடையாகாது. செராஸ் மறுவாழ்வு மருத்துவமனையிலோ, 1996-இல் தொடங்கி பெட்டாலிங் ஜெயாவிலிருந்து இயங்கும் நாசாம் பக்கவாதச் சங்கத்திலோ, தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் வீட்டுப் பயிற்சியை எழுதி வாங்குங்கள். அந்தப் பயிற்சிக்குத் துணி, நாணயம், அரிசி போதும். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குச் சந்தா கட்டியவர்கள் மறுவாழ்வு வசதியையும், 2007 முதல் நடக்கும் வேலைக்குத் திரும்பும் திட்டத்தையும் கேட்கலாம். மருத்துவக் கருவிச் சட்டம் 2012-இன்படி பதிவில்லாத கருவியை விற்கக் கூடாது. பதிவெண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. சிகிச்சையாளரிடம் 2016-ஆம் ஆண்டு இணைச் சுகாதாரத் தொழில் சட்டப்படியான தொழில்சான்றிதழ் இருக்க வேண்டும். பக்கவாதத்தைக் குணமாக்கும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. அதன் பட்டியலில் பக்கவாதமும் உண்டு. விளம்பரத்தைப் படமெடுத்து, ரசீதோடு வையுங்கள். ஏமாற்றி விற்ற கருவிக்கு, பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மூன்று ஆண்டுக்குள், 50,000 ரிங்கிட் வரை, வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம். பதிவு பெற்ற சிகிச்சையாளரின் தவறை அந்தத் தீர்ப்பாயம் விசாரிக்காது. அந்தப் புகார் இணைச் சுகாதாரத் தொழிலர் மன்றத்துக்குப் போக வேண்டும்.