கண்ணாடி இல்லாத கடிகாரம்

முதல் உலகப் போரில் கண்ணைப் பறிகொடுத்த பிரிட்டிஷ் சிப்பாய்கள், லண்டன் செல்சியில் இருந்த ராணுவ மருத்துவமனைக்குத்தான் பெரும்பாலும் கொண்டுவரப்பட்டார்கள். காயம் ஆறுவதற்கு முன்பே படுக்கைக்கு ஒரு சட்டைப்பைக் கடிகாரம் வந்துவிடும். மூடியைத் திறந்தால் கண்ணாடி கிடையாது. முள்கள் கெட்டியானவை, மணி எண்கள் இருக்கும் இடத்தில் மேடான புள்ளிகள். விரல் நுனியால் தடவி நேரம் தெரிந்துகொள்ளலாம்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்குக் கடிகாரம் எதற்கு? திடீரென்று பார்வை போனவர் விடிந்துவிட்டதா, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதா என்று எல்லாவற்றுக்கும் நர்ஸைக் கூப்பிட வேண்டியிருக்கும். ஒரு நாளைக்குப் பத்து முறை கேட்டால் பதினோராவது முறை கேட்கக் கூச்சமாகிவிடும். அந்தக் கேள்விகளில் ஒன்றையாவது கடிகாரம் முதல் நாளே ஒழித்துக்கட்டியது.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் ஆர்தர் பியர்சன். 1900-ல் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழைத் தொடங்கிய பத்திரிகை முதலாளி. குளுக்கோமாவால் மெல்ல மெல்லப் பார்வையை இழந்தவர். பத்திரிகைத் தொழிலை விட்டு விலகி, பார்வையற்றோருக்கான வேலையில் இறங்கினார். 1915-ல் சில சிப்பாய்களோடு ஒரு விடுதியைத் தொடங்கினார். சில வாரங்களில் அது ரீஜென்ட்ஸ் பூங்காவில், ஓர் அமெரிக்க வங்கியாளர் கொடுத்த மாளிகைக்கு இடம் மாறியது. மாளிகையின் பெயரே நிறுவனத்தின் பெயராகவும் நிலைத்தது: செயின்ட் டன்ஸ்டன்ஸ்.

அங்கே பெரிய பெரிய கூடங்கள். சுவரைத் தடவிக்கொண்டு போனால் நாற்காலியும் மேசையும் இடிக்கும். அதனால் தரையில் நீளவாக்கில் விரிப்புப் பட்டைகளைப் போட்டார்கள். காலுக்கடியில் பட்டை இருக்கும்வரை வழி சரி. செருப்பு கட்டாந்தரையில் பட்டால் விலகிவிட்டோம் என்று அர்த்தம். தோட்டத்தில் பிடித்துக்கொண்டு நடக்கக் கம்பிகள் இருந்தன. கையைப் பிடித்து அழைத்துப்போக ஆள் வைப்பதைவிட இது மலிவு, கௌரவமும்கூட.

பியர்சன் செய்ததிலேயே கெட்டிக்காரத்தனமான காரியம் ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்ததுதான். பிரெய்லி, தட்டச்சு, தொழிற்பட்டறை என்று பல வகுப்புகளைப் பார்வையற்றவர்களே நடத்தினார்கள். பார்வையுள்ள ஒருவர் வந்து "உன்னால் முடியும் தம்பி" என்றால், 'உனக்கென்ன தெரியும்' என்று மாணவர் மனதுக்குள் திட்டலாம். சொல்பவருக்கும் கண் தெரியாது, அவர் கையிலோ முடைந்து முடித்த கூடை இருக்கிறது என்றால், மறுத்துப் பேச வாய் வராது. போன வருடம் மாணவராக இருந்தவர் இந்த வருடம் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. பாட நேரத்தை வேண்டுமென்றே குறைவாக வைத்தார்கள். விரலாலும் காதாலும் கற்பது அவ்வளவு சீக்கிரம் ஆளைக் களைப்பாக்கிவிடும்.

செருப்புத் தைப்பது, பாய் முடைவது, தச்சு, தொலைபேசி இணைப்பகம், மசாஜ் என்று தொழில்கள் பல. மசாஜ் கற்றவர்கள் முறையான தேர்வு எழுதித் தேறி, ராணுவ மருத்துவமனைகளிலேயே வேலைக்குப் போனார்கள். கோழிப்பண்ணைப் பாடம்தான் வேடிக்கையானது: கோழியைக் கையில் எடுத்து, கொண்டையையும் இறகையும் உடல்வாகையும் தடவிப் பார்த்தே இன்ன இனம் என்று சொல்ல வேண்டும். படிப்பு முடிந்து ஊருக்குப் போனவரையும் அப்படியே விட்டுவிடவில்லை. மூலப்பொருள் வாங்கித் தரவும், செய்ததை விற்றுத் தரவும் ஒரு தனிப் பிரிவு இருந்தது. இது இல்லாமல் போயிருந்தால் பாதிப் பேரின் படிப்பு வீணாகியிருக்கும்.

பியர்சனைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டும். அவர் பத்திரிகைக்காரர், உற்சாகத்தை விற்கத் தெரிந்தவர். 1919-ல் வெளியான தன் புத்தகத்துக்கு 'குருட்டுத்தன்மை மீது வெற்றி' என்ற பொருளில் பெயர் வைத்தார். பரிதாபப் பேச்சுக்கே அங்கு இடமில்லை. நன்கொடை திரட்ட அது உதவியிருக்கும். ஆனால் இருபது வயதில் கண் போன ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் அழ நினைத்தால், அதற்கும் இடம் வேண்டாமா?

1921-ல் பியர்சன் தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்துபோனார். பொறுப்பை ஏற்ற இயன் ஃபிரேசர், 1916-ல் சோம் போர்க்களத்தில் பதினெட்டு வயதில் பார்வை இழந்து, இங்கேயே பயின்றவர். அரை நூற்றாண்டுக்கும் மேல் நிறுவனத்தை நடத்தினார்.

இன்னொரு மாணவர் இந்தியாவரை வந்தார். முதல் உலகப் போரின் கல்லிப்போலிச் சண்டையில் கண்ணிழந்த நியூசிலாந்துக்காரர் குளூதா மெக்கன்சி, இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த இந்தியச் சிப்பாய்களுக்காக 1943-ல் டேராடூனில் அமைந்த செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதியை நடத்தினார். 1950-ல் அதே ஊரில் பார்வையற்ற பெரியவர்களுக்கான அரசுப் பயிற்சி மையம் வந்தது. அந்த வழியில் வளர்ந்த தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் சென்னையை அடுத்த பூந்தமல்லியில் இருக்கிறது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்லி உருவானதிலும் மெக்கன்சிக்குப் பங்குண்டு. தமிழ்ப் பாடநூல்கள் இன்று அந்த முறையில்தான் அச்சாகின்றன.

இவ்வளவு செய்த செயின்ட் டன்ஸ்டன்ஸும் ஒரு விஷயத்தில் தடுமாறியது. பட்டை விரித்த கூடத்தில் நிமிர்ந்து நடந்தவர், பட்டையே இல்லாத தெருவுக்குப் போனால் என்ன செய்வார்? அதற்குத் தேறிய முறை ஒன்று 1944-ல்தான், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ரிச்சர்ட் ஹூவர் என்ற ராணுவ சார்ஜென்ட் கையில் உருவாகத் தொடங்கியது. கைத்தடியை நீளமாக்கி, எடையைக் குறைத்தார். வலது காலை எடுத்து வைக்கும்போது தடியின் நுனி இடப்பக்கம் தரையைத் தொட வேண்டும். அடுத்து இடது கால் விழப்போகும் இடம் அதுதான். அந்தத் தடியின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)